தாமரைச்செல்வி பேரில் ஒரு பாட்டு

பிள்ளை அழ வாயைத் திறக்கிற நொடியும் உருமியின் முதல் அடியும் ஒன்றாக விழ வேண்டும். தாமரைச்செல்வி ஏழாவது தடவையாக வீடியோவில் அந்த இடத்தைப் பின்னால் இழுத்து ஓட்டிப் பார்த்தாள். தாய்மாமன் மடியில், மொட்டைத் தலை நிறையச் சந்தனத்தோடு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. ஆசாரியின் கை காதுப் பக்கம் போகிறது. பிள்ளை மேலே தொங்குகிற பலூனைப் பார்க்கிறது. அப்புறம் வாய் திறக்கிறது. அடி ஒரு கண் இமைப்பு முந்திக்கொண்டது. படத்தில் இரண்டு ஃப்ரேமை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி ஓட்டினாள். இப்போது விழுந்தது.

கீழே வெல்டிங் பட்டறையில் கிரைண்டர் போட்டுவிட்டார்கள். அவனியாபுரத்தில் மாடியில் கடை வைத்தால் இதெல்லாம் வாடகையோடு சேர்ந்து வருவதுதான். அவள் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள். எட்டுக்கு ஆறடி அறையில் ஏசி ஓடியது. அது கம்ப்யூட்டருக்காக வைத்தது. அவள் மேல் படுகிற காற்று இலவசம்.

"முடிஞ்சிருச்சாம்மா?" கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தார் ஸ்டுடியோ முதலாளி வெள்ளைத்துரை. "காதுகுத்து வீட்டுக்காரவுக ரெண்டு தடவ போன் போட்டாக."

"முடிஞ்சிருச்சுண்ணே. எண்டு டைட்டில் மட்டும் ஒட்டணும்."

எண்டு டைட்டில் புதிதாகச் செய்கிற வேலை இல்லை. எட்டு வருஷமாக ஒரே டைட்டில்தான். கருப்புப் பின்னணியில் தங்க எழுத்து: ஒளிப்பதிவு, எடிட்டிங் வெள்ளைத்துரை. அவர் கேமராவைத் தூக்கி நாலு வருஷம் ஆகிறது. இந்தக் கம்ப்யூட்டரை எந்தப் பொத்தானை அமுக்கி உயிர்ப்பிப்பது என்று கேட்டால் சுற்றுமுற்றும் பார்ப்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், டைட்டிலில் தன் பெயரையும் போடலாமா என்று தாமரைச்செல்வி ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள். "கடையில ஒரு பேருதாம்மா இருக்கணும். ஓட்டல்ல மாஸ்டர் பேரயா போர்டுல எழுதுறாய்ங்க?" என்றார். அப்போது அது நியாயமாகத்தான் பட்டது.

ஆனால் அவள் பெயர் ஓரிடத்தில் இருந்தது. அது அவளுக்கு மட்டும் தெரிந்த சந்தோஷம்.

போன ஆவணியில் நடந்தது. விசேஷ வீடுகளில் எல்லாம் வீடியோவை யூடியூபில் ஏற்றச் சொல்லிக் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். துபாயில் இருக்கிற சித்தப்பா பார்க்க வேண்டும், சிங்கப்பூர் அத்தை பார்க்க வேண்டும். சினிமாப் பாட்டைப் போட்டு ஏற்றினால் பாட்டுக் கம்பெனிக்காரன் சத்தத்தை அடைத்துவிடுகிறான். அதனால் வெளிநாட்டு இணையதளம் ஒன்றில் உருமியும் புல்லாங்குழலும் சேர்ந்த இசை ஒன்றைத் தேடிப் பிடித்தாள். வெள்ளைத்துரையின் கார்டை அந்தத் தளம் ஏற்கவில்லை. "ஒம்பேருலயே வாங்கிரும்மா, எனக்கு அந்த மெயிலு எழவெல்லாம் தெரியாது" என்று பணத்தை அப்போதே கையில் கொடுத்துவிட்டார்.

மறு நிமிஷம் சான்றிதழ் வந்தது. உரிமம் பெற்றவர், தாமரைச்செல்வி, மதுரை. கீழே பொடி எழுத்தில் ஆங்கிலம். கல்லூரியில் வணிகவியல் படித்தவள்தானே, எழுத்துக் கூட்டாமலே படித்தாள். படித்த பிறகு அவரிடம் போனாள்.

"அண்ணே, இது ஒரே ஒரு வீடியோவுக்குத்தான்னு போட்டுருக்கு."

"லைசென்ஸ்தானம்மா? டிரைவிங் லைசென்ஸ் நான் ஒண்ணுதான் வச்சிருக்கேன். காரும் ஓட்டுறேன், புல்லட்டும் ஓட்டுறேன். வண்டிக்கு ஒண்ணா எடுக்குறேன்?"

தாமரைச்செல்வி சிரித்துவிட்டாள். அதற்கு மேல் யோசிக்கவும் இல்லை. அந்தத் தாளை அச்செடுத்து, லேமினேஷன் போட்டு, வீட்டு பீரோவில் கல்லூரிச் சான்றிதழோடு வைத்தாள். கல்லூரிச் சான்றிதழுக்குப் பிறகு அவள் பெயர் தனியாக அச்சில் வந்தது இதில்தான். ஆவணியிலிருந்து தைக்குள் ஆறு வீடியோவில் அந்த இசையைப் போட்டாயிற்று. இந்தக் காதுகுத்துதான் ஆறாவது. எங்கே அந்த உருமி கேட்டாலும் மனசுக்குள் 'என் பாட்டு' என்று சொல்லிக்கொள்வாள்.

காதுகுத்து வேலையை முடித்த அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனால் புருஷன் பாண்டிராஜ் ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தான். தண்ணீர்ச் சொம்பில் போனைச் சாய்த்து வைத்திருந்தான். தாமரைச்செல்வி அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டாள். மூன்றாவது தோசையை ஊற்றும்போது முதுகுக்குப் பின்னால் உருமி அடித்தது.

"ஏ தாமரை, இங்க வந்து பாரு. நம்ம சூரியா எடுத்தது. மெரட்டிருக்கான்."

சூரியபிரகாஷ் இதே ஸ்டுடியோவில் கேமரா தூக்கிக்கொண்டிருந்தவன். வேலை இல்லாத நேரம் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று எப்படி வெட்டுகிறாள் என்று பார்ப்பான். போன வருஷம் விலகிப் போய்த் திருநகரில் சொந்தமாக ஸ்டுடியோ போட்டுவிட்டான்.

கரண்டியும் கையுமாகப் போய் நின்று பார்த்தாள். கீழக்குயில்குடி மலைச்சாமி வளர்க்கிற ஜல்லிக்கட்டுக் காளை, பேர் கருப்பு. பாறை மலை பின்னால் தெரிய கண்மாயில் நீந்துகிறது. கொம்பால் மண்ணைக் குத்தி வாரி இறைக்கிறது. பிறகு பொங்கலன்று அவனியாபுரம் வாடிவாசல். இசை அடங்கி, புல்லாங்குழல் மட்டும் இழுத்து, காளையின் மூக்கு வெளியே தெரிகிற நொடியில் உருமி விழுகிறது. அவள் எப்படி விழ வைப்பாளோ அப்படியே விழுகிறது. அதே இசை. கடைசியில் திரை முழுக்க எழுத்து: ஒளிப்பதிவு, எடிட்டிங், கீழக்குயில்குடி சூரியபிரகாஷ்.

"ஆறு லட்சம் பேரு பாத்துருக்காய்ங்க," என்றான் பாண்டிராஜ். "இம்புட்டுப் பயலுக்கு என்னா தெறமை பாரேன். நீ எட்டு வருசமா பண்ற, இந்த மாதிரி ஒண்ணு பண்ணக் கூடாதா?"

அவள் திரையில் நின்ற அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தோசை கருகுது பாரு."

கருகட்டும் என்றிருந்தது. அதற்குப் பெயர் பொறாமை. கோபம் என்று சொல்லிப் பார்த்தாள், வருத்தம் என்று சொல்லிப் பார்த்தாள், ஒட்டவில்லை. மறுநாள் பஸ்ஸில் போகும்போது அந்த வீடியோவை நாலு தடவை பார்த்தாள். பார்த்தவர்கள் எழுதியிருந்ததை எல்லாம் ஒன்று விடாமல் படித்தாள். 'எடிட்டிங் வேற லெவல் தம்பி' என்று ஒருத்தன். 'கண்ணுல தண்ணி வந்துருச்சு சூரியா அண்ணே' என்று ஒருத்தன். எட்டு வருஷத்தில் அவள் வெட்டிக் கோத்த கல்யாணங்களைப் பார்த்து எத்தனை பேர் கண் கலங்கியிருப்பார்கள். ஒருத்தருக்கும் தாமரைச்செல்வி என்று ஒருத்தி இருப்பது தெரியாது.

விலகிப் போன அன்றைக்கு அவன் பென்டிரைவைச் சொருகி எதையோ ஏற்றிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. 'என் போட்டோக்கா' என்று சொன்னான். பாட்டையும் அதில்தான் சுருட்டிக்கொண்டு போயிருப்பான் என்று முடிவு கட்டினாள். ஆனால் அவன் போனது ஆடியில், இசை வாங்கியது ஆவணியில் என்ற கணக்கு அவளுக்கு ஓடவில்லை. ஓடாமல் இருக்கத்தான் அவளும் விரும்பினாள். ஒரு போன் போட்டு, 'தம்பி, அந்த மியூசிக் ஏது?' என்று கேட்டிருந்தால் முடிந்தது. அவன் ஏதாவது நியாயம் சொல்லிவிடுவானோ என்று பயமாக இருந்தது.

என் பேரில் இருக்கிற பாட்டை அவன் எப்படிப் போடலாம்?

வெள்ளைத்துரை சாப்பிடப் போன நேரம் அந்த இணையதளத்தைத் திறந்தாள். புகார் செய்ய ஒரு படிவம் இருந்தது. எந்த வீடியோ என்று கேட்டது, காளை வீடியோவின் முகவரியை ஒட்டினாள். உங்கள் உரிம எண் என்ன என்று கேட்டது. அந்த எண் அவளுக்கு மனப்பாடம். பெருமையோடு அடித்து அனுப்பினாள். அன்றைக்கு மத்தியானச் சோறு நன்றாக இறங்கியது.

ஒன்பதாம் நாள் காலையில் பதில் வந்தது. பணிவான ஆங்கிலம். நீங்கள் சொன்ன காளை வீடியோவைச் சரிபார்த்தோம். சூரியபிரகாஷ் என்பவர் அந்த ஒரு வீடியோவுக்காக முறையாக உரிமம் வாங்கியிருக்கிறார், அதில் தவறு இல்லை. நீங்கள் கொடுத்த எண்ணையும் சரிபார்த்தோம். அது ஒரு படைப்புக்கு மட்டும் தரப்பட்டது. அதை வைத்து ஒரே சேனலில் ஆறு படைப்புகள் இருக்கின்றன. விதியை மீறியதால் அந்த உரிமத்தையே ரத்து செய்து, ஆறின் ஒலியையும் நீக்கச் சொல்லியிருக்கிறோம்.

தாமரைச்செல்வி மூன்று தடவை படித்தாள். அவன் வாங்கியிருக்கிறான். தன் பேரில், தன் காசில், ஒரு வீடியோவுக்கு ஒன்று என்று. பயம் வருவதற்கு முன்னால் அவளுக்கு அதுதான் சுட்டது. அதிலும் அவனே முந்திக்கொண்டான்.

பத்தரை மணிக்கெல்லாம் வெள்ளைத்துரையின் போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. காதுகுத்து வீட்டுக்காரர்கள்தான் முதலில். "என்னங்க, பிள்ளை வாயைத் தொறக்குது, சத்தமே வரலையே" என்று அந்த அம்மா பேசியது உள் அறை வரைக்கும் கேட்டது. அப்புறம் வளைகாப்பு வீடு. அப்புறம் ஒரு கல்யாண வீடு. மத்தியானத்துக்குள் சேனலில் புதிதாக எதையும் ஏற்ற முடியாமல் பூட்டிவிட்டார்கள். மாசி முகூர்த்தத்துக்கு ஒன்பது வீடு பேசி வைத்திருந்தார் வெள்ளைத்துரை. எல்லாமே யூடியூபில் போட்டுத் தருவதாகச் சொல்லி வாங்கிய ஆர்டர்கள்.

அவள் கழிப்பறைப் பக்கம் ஒதுங்கி நின்றபோது அவள் போன் அடித்தது. சூரியபிரகாஷ்.

"அக்கா, கேள்விப்பட்டேன். சேனல் போயிருச்சாமே."

"ஆமா தம்பி."

"எனக்கும் மொதல்ல ஒரு வீடியோ அப்பிடித்தான்க்கா போச்சு. அதுலருந்து வீடியோவுக்கு ஒண்ணுன்னு வாங்கிருவேன். காளை வீடியோவுக்கு ஒங்க வளைகாப்பு வீடியோவப் பாத்துத்தான் அந்த மியூசிக்கத் தேடிப் புடிச்சேன். சூப்பரா வெட்டிருந்தீங்க. சும்மா கெடந்தா அவிங்க கண்டுக்க மாட்டாய்ங்கக்கா. எவனோ வயித்தெரிச்சல் புடிச்சவன் போட்டுக் குடுத்துருக்கான். யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க."

"சரி தம்பி. வேலை இருக்கு, வைக்கிறேன்."

சுவரில் சாய்ந்து நின்றாள். விமானம் ஒன்று தலைக்கு மேலே தாழ்வாக இறங்கிப் போனது. அதன் இரைச்சல் அடங்கிய பிறகு உள்ளே போனாள்.

சாயங்காலம் வெள்ளைத்துரை அவள் அறைக்குள் வந்து, பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்திருந்தாள். அவர் போடவில்லை. யாரோ தெரிந்த வக்கீலிடம் பேசிவிட்டு வந்திருந்தார்.

"லைசென்ஸு ஒம்பேருலதான இருக்கு?"

"ஆமாண்ணே. நீங்கதான் வாங்கச் சொன்னீங்க."

"வாங்கச் சொன்னேன். ஆறு வீடியோவுல போடுன்னு எழுதியா குடுத்தேன்?"

அவள் வாயைத் திறந்தாள். டிரைவிங் லைசென்ஸ், கார், புல்லட் எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பேச ஆரம்பித்தால் இது எப்படி வெளியே வந்தது என்ற கேள்விக்கும் பேச்சு போகும். மெயில் இன்னும் இந்தக் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டாள். அவள் பேசாமல் இருந்ததை அவர் ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்.

"சேனல் திரும்பி வரணும்னா கம்பெனிக்கு எழுதணுமாம். கடைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, எடிட் பண்ணுன பொம்பள தன் இஷ்டத்துக்குப் பண்ணிருச்சு, வேலைய விட்டு நிப்பாட்டிட்டோம், அப்பிடின்னு. ஆறு வீடியோவையும் கூட வச்சு அனுப்பணுமாம்." தொண்டையைச் செருமினார். "தப்பா எடுத்துக்காதம்மா. ஒன்பது வீட்டுக்கு வாக்குக் குடுத்துருக்கேன். நாளையிலருந்து நீ வர வேணாம். இத மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போயிரு."

"என்னத்தண்ணே முடிக்கணும்?"

"எண்டு டைட்டில்ல எம்பேருல்ல இருக்கு. அத எடுத்துட்டு ஒம்பேரப் போடு. ஆறுலயும்."

கீழே பட்டறையில் வேலை முடித்துவிட்டார்கள் போல. கிரைண்டர் சத்தம் நின்றிருந்தது. தாமரைச்செல்வி நாற்காலியைத் திருப்பிக்கொண்டு முதல் வீடியோவைத் திறந்தாள். கடைசிக்கு ஓட்டினாள். வெள்ளைத்துரை என்ற தங்க எழுத்தை ஒவ்வொன்றாக அழித்தாள். அந்த இடத்தில் தன் பெயரை அடித்தாள். பழக்க தோஷத்தில் எழுத்துக்களுக்கு நடுவே இடைவெளியைச் சரிசெய்து, ஓரத்தில் மெல்லிய நிழல் கொடுத்து, திரையின் நடுவுக்கு நகர்த்தினாள். ஒளிப்பதிவு என்பதை அழித்துவிட்டு எடிட்டிங் என்பதை மட்டும் மேலே வைத்தாள். மற்ற ஐந்திலும் அதையே எடுத்து ஒட்டினாள்.

ஆறாவதை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள். ஹெட்போனை மாட்டிக்கொள்ளவில்லை. பிள்ளை பலூனைப் பார்த்தது, வாயைத் திறந்து அழுதது, தாய்மாமன் சிரித்தான். திரை கருத்தது. எடிட்டிங் தாமரைச்செல்வி என்று தங்க எழுத்து மெல்ல எழுந்து வந்து நின்றது.

வெள்ளைத்துரை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னால் குனிந்து பார்த்தார்.

"இன்னுங் கொஞ்சம் பெருசாப் போடும்மா," என்றார்.