ஒரு விரல் குறைந்த மீன்

மீன் தொழிற்சாலையின் வாசல் மேஜையில் பதினான்கு வருடமாக மீன் அளப்பவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் கறார்க்காரி. மீனின் மூக்கை அளவுப் பலகையின் ஒரு முனையில் அடித்திருக்கும் தலைக்கட்டையில் முட்டவைத்து, வால் சிவப்புக் கோட்டைத் தொடுகிறதா என்று பார்ப்பாள். தொட்டால் உள்ளே, இல்லையென்றால் கெஞ்சினாலும் கொஞ்சினாலும் வெளியே. முட்டையிடும் வயது வராத மீனை அள்ளிவிட்டால் அடுத்த வருடம் கடலில் என்ன இருக்கும், மண்ணா? கட்டிய புருஷனின் படகுக்கும் அதே கோடுதான். அதை மூச்சுக்கு முந்நூறு தரம் பெருமையாகச் சொல்லித் திரிவான் அந்த அப்பாவி.

அன்று காலை வெட்டும் மேஜையிலிருந்து தோழி குரல் கொடுத்தாள்.

"ஏண்டி, இது முட்டை வைக்கிற மாசம்தானே? மூணு வாரமா முக்காவாசி மீன் வயித்துல முட்டையையே காணோமே."

கறார்க்காரி கையிலிருந்த மீனை வைத்துவிட்டுப் பலகையைக் குனிந்து பார்த்தாள். மூன்று வாரத்துக்கு முன்புதான் தலைக்கட்டை கழன்று விழுந்தது. படகுகள் வரிசைகட்டி நின்ற அவசரத்தில், தச்சரைக் கூப்பிடாமல் தானே ஆணி அடித்திருந்தாள். இப்போது டேப் வைத்துப் பார்த்தால், கட்டை ஒரு விரல் அகலம் கோட்டுப் பக்கமாகத் தள்ளி நிற்கிறது. இத்தனை நாளும் குஞ்சும் குளுவானுமாக உள்ளே விட்டிருக்கிறாள்.

ஆனால் புருஷன் படகிலேயே குச்சி வைத்து அளந்து, சின்னதைக் கடலில் விடுகிறவன். அவனுக்குமா தெரியவில்லை? ஓட்டமாகப் படகுக்குப் போய் அந்தக் குச்சியை வாங்கிப் பார்த்தாள். நுனி புதிதாக வெட்டப்பட்டிருந்தது.

"இதை யாருங்க வெட்டினது?"

"நான்தான். நான் கடல்ல விடுற அளவு மீனை மத்தவங்க கொண்டாந்தா உன் மேஜையில உள்ள போகுது. சரி, என் குச்சிதான் தப்புன்னு ஒரு விரல் வெட்டிட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"உன்னைப் போயா சந்தேகப்படுவாங்க?"

அவன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இதைக் கேட்டதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதபடியே நடந்ததைச் சொன்னாள்.

அவன் குரலைத் தாழ்த்தினான். "கட்டையை நகர்த்தி அடிச்சிடு. யாருக்குத் தெரியப்போகுது? மேனேஜர்கிட்ட சொன்னா உன்னை அந்த மேஜையில விடமாட்டாரு."

"விடலைன்னா போகட்டும். என்னை நம்பி இன்னும் எத்தனை பேரு குச்சியை வெட்டினாங்களோ, அவங்களுக்கு யாரு சொல்றது?"

மேனேஜர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, குஞ்சுகள் போனது போதும், அந்த வகை மீனையே இந்தப் பருவம் முடியும்வரை வாங்குவதில்லை என்றார். அவளைப் பெட்டி கழுவும் இடத்துக்கு அனுப்பினார்.

மதியம் அவள் படகு படகாகப் போனாள். "தப்பு என்னோடதுங்க, உங்க குச்சியைக் கொஞ்சம் காட்டுங்க" என்றாள். வெட்டுப்பட்ட குச்சிகள் ஐந்து வெளியே வந்தன. ஒவ்வொரு படகிலும் யாரும் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் புருஷன் தன் குச்சியை நீட்டி, "முதல்ல வெட்டின முட்டாள் நான்தான்" என்று சொல்லிவிட்டு, அவளை ஒட்டி நின்றுகொண்டான்.