நடைவழியில் நுழைகிற சேஸ்

ஹாலாஸ்யத்தின் வீட்டுக் கூடத்தில், சாமி அலமாரிக்கு நேர் கீழே, ஒரு மோட்டார் சைக்கிள் எஞ்சின் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தது. எஞ்சின் மட்டும்தான். சக்கரம், டாங்க், சீட்டு எதுவும் கிடையாது. போடி மலையில் ஒரு எஸ்டேட் துரை விட்டுவிட்டுப் போன ட்ரையம்ப் வண்டியுடையது. வண்டியின் உடம்பு முழுக்கத் துருப்பிடித்து உதிர்ந்துவிட, கிரீஸ் தடவி மூடி வைத்திருந்த எஞ்சின் மட்டும் பிழைத்திருந்தது. மின்வாரியத்தில் குமாஸ்தாவாக இருந்த ஹாலாஸ்யம் அதைக் கம்பளியில் சுற்றி, பஸ்ஸின் கடைசி சீட்டில் தன் பக்கத்திலேயே உட்காரவைத்து மதுரைக்கு அழைத்து வந்தார். கண்டக்டர் கும்பாபிஷேகத்துக்குப் போகிற சிலை என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்துதான் டிக்கெட் கிழித்தார்.

அவர் மனைவி விஜயம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தாள். பகலெல்லாம் ஊரார் சண்டைகளைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், இங்கே ஒரு சண்டை காத்திருக்கும். எஞ்சினைத் தாங்குகிற இரும்புச் சட்டமாக எந்த சேஸைப் போடுவது என்பதுதான் அது.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம். வருகிற பிப்ரவரியில் சென்னைப் பக்கம் சோழவரத்தில் நடக்கிற மோட்டார் ரேஸில் ஓடியே தீருவது என்று ஹாலாஸ்யம் முடிவு செய்திருந்தார். அவருக்கு ஆலோசகர்கள் இரண்டு பேர். ஒருவர் முனிச்சாலையில் இரும்புக் கட்டிலும் கேட்டும் செய்கிற நைனா முகமது. இன்னொருவன் விஜயத்தின் தம்பி கல்யாணராமன், பாலிடெக்னிக்கில் டிராயிங் சொல்லிக்கொடுப்பவன்.

"புல்லட் சேஸ் ஒண்ணு நம்ம பட்டறையில சும்மா கெடக்கு சாமி. யானையத் தூக்கி வச்சாலும் வளையாது. ரெண்டு ஓட்டையப் போட்டு மாட்டுனா சோலி முடிஞ்சுச்சு" என்பார் நைனா முகமது.

"ரேஸுக்கு யானையவா கூட்டிண்டு போறார் பாய்?" என்பான் கல்யாணராமன். "அத்திம்பேர், ஒரே ஒரு தடிக் குழாய். முதுகெலும்பு மாதிரி. எஞ்சின் அதுலேர்ந்து தொங்கும். வெயிட்டே கிடையாது."

"தொங்குமா? வௌவாலா அது?"

ஹாலாஸ்யத்துக்கு இரண்டும் பிடிக்கும், இரண்டும் பிடிக்காது. அவர் கனவு மூன்றாவது. இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றில் இரட்டைக் குழாய்களை வளைத்துத் தொட்டில் மாதிரி கட்டிய நார்ட்டன் சேஸின் படத்தைப் பார்த்திருந்தார். அதில் ஏறி ஓட்டியவன் இறகு மெத்தையில் போவதுபோல இருக்கிறது என்றானாம், அதுவே பெயராகிவிட்டதாம். படத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். தூக்கத்தில் "இறகு மெத்தை, இறகு மெத்தை" என்று முனகுவார். கேட்டுக்கொண்டு படுத்திருக்கும் விஜயத்துக்கு, கிழிந்துபோன தன் கோரைப்பாயை நினைத்து ஆத்திரமாக வரும்.

திங்கட்கிழமை புல்லட், புதன்கிழமை முதுகெலும்பு, வெள்ளிக்கிழமை மெத்தை என்று அவர் மனம் மாறிக்கொண்டே இருந்தது. ஆயுதபூஜைக்குப் பக்கத்துக் குடித்தனக்காரர்கள் எஞ்சினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துச் சுண்டலும் படைத்துவிட்டுப் போனார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டால் இது சாமியாகவே ஆகி இங்கேயே தங்கிவிடும் என்ற பயம் விஜயத்துக்கு வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூவரும் தரையில் சாக்கட்டியால் மூன்று சேஸையும் நிஜ அளவில் வரைந்து வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள். அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்த விஜயம் மூன்றையும் ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணராமனுடையதைக் காலால் தொட்டுக் காட்டினாள்.

"இதப் பண்ணுங்கோ."

மூன்று பேரும் குனிந்து அந்தப் படத்தைப் பார்த்தார்கள்.

"ஏன் விஜி இது?" என்று ஹாலாஸ்யம் பணிவாகவே கேட்டார்.

"இதுதான் ஒல்லியா இருக்கு."

கல்யாணராமன் துள்ளி எழுந்தான். "காத்து! அத்திம்பேர், காத்து! முன்பக்கம் ஒல்லியா இருந்தா காத்து தடுக்காது. அக்கா ஒரே பார்வையில சொல்லிட்டா பாருங்கோ!"

நைனா முகமது தாடியைத் தடவிக்கொண்டார். "தங்கச்சி சொல்றதுல ஒரு ஞாயம் இருக்கத்தான் செய்யுது."

விஜயத்துக்குக் காற்றைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. அந்த எஞ்சினைப் பட்டறைக்கு அனுப்ப ஹாலாஸ்யம் சம்மதிக்க மாட்டார், கூடத்திலேயே வைத்துத்தான் வண்டியைச் சேர்த்துப் பூட்டுவார். பூட்டிய வண்டி ஐந்து குடித்தனத்தின் தண்ணீர் டிரம்களும் சைக்கிள்களும் நிற்கிற நடைவழியைத் தாண்டித்தான் தெருவுக்குப் போக வேண்டும். அதற்குள் நுழையக்கூடியது இது ஒன்றுதான். இதைச் சொல்ல வாயெடுத்தாள். மூன்று ஆண்பிள்ளைகளும் தன்னை அப்படி மரியாதையாகப் பார்த்து அவள் பார்த்ததே இல்லை. பேசாமல் அடுக்களைக்குப் போய்விட்டாள்.

வண்டி தயாரானது. ஒல்லியாக இருந்தது, ஆனால் ஒட்டகம்போல உயரமாகவும் இருந்தது. ரேஸ் வண்டி என்பதால் உதைத்துக் கிளப்புகிற கிக்கர் கிடையாது, தள்ளித்தான் விட வேண்டும். கைப்பிடி தாழ்வாக டாங்கை ஒட்டி இருந்தது. கொஞ்சம் திருப்பினாலே டாங்கில் இடிக்கும். சைலன்சர் பெயருக்குக்கூட இல்லை. குள்ளமான ஹாலாஸ்யம் ஏறி உட்கார்ந்தால் இரண்டு கால்களும் அந்தரத்தில் ஆடின.

"ஓடறச்சே தரையில கால் எதுக்கு?" என்றான் கல்யாணராமன்.

ஒரு நாள் விடிந்ததும் மேலூர் தாண்டித் திருச்சி ரோட்டில் வண்டியை நைனா முகமதுவின் டெம்போவிலிருந்து இறக்கினார்கள். ஹாலாஸ்யம் மார்பு டாங்கில் படிய, தவளை மாதிரி குனிந்துகொண்டார். மற்றவர்கள் தள்ளினார்கள். விஜயமும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளினாள். வண்டி ஒருமுறை இருமியது, பிறகு வானம் கிழிகிற மாதிரி அலறிக்கொண்டு பறந்தது. அடுத்த பாலம் வரை போய்விட்டுத் திரும்பி வருவதாக ஏற்பாடு.

வரவில்லை.

வெயில் ஏறியது. விஜயம் செருகியிருந்த புடவையை இறக்கிவிட்டாள். "பாய், வண்டிய எடுங்கோ" என்று டெம்போவில் ஏறினாள். எதிரே வைக்கோல் ஏற்றி வந்த வண்டிக்காரர் மாட்டை நிறுத்திச் சொன்னார்: "ஆமா தாயி, ஒருத்தரு போனாரு. எலிகாப்டர் சத்தம். ரோட்ட அடைச்சுத் திருப்பப் பாத்தாரு, முடியல. போயிக்கிட்டே இருக்காரு."

நைனா முகமது நெற்றியில் அறைந்துகொண்டார். கைப்பிடி திரும்புகிற அந்தக் கொஞ்சத்தில் வண்டியை வளைத்துத் திருப்ப ரோட்டின் அகலம் போதாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

கொட்டாம்பட்டி நெருங்கும்போது ஒரு காய்ந்த கண்மாயிலிருந்து புழுதி எழும்பிக்கொண்டிருந்தது. கரையில் திருவிழாக் கூட்டம். உள்ளே, பரந்த தரையில், பெரிய வட்டமாக ஹாலாஸ்யம் சுற்றிக்கொண்டிருந்தார்.

கரையில் இருந்த கோயிலில் அன்றைக்கு ஒரு காதுகுத்து. விருந்துக்கு வந்த சனம் முழுக்கப் பந்தியை விட்டுவிட்டு இங்கே வந்துவிட்டது. ரேடியோ செட்காரர் கருத்தக்கண்ணன், மரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயைக் கண்மாய்ப் பக்கம் திருப்பிவிட்டு மைக்கில் முழங்கிக்கொண்டிருந்தார்.

"மதுரை மாநகரம் தந்த மாவீரர்! சோறு இல்லை, தண்ணி இல்லை! மூணு நாளைக்குத் தரையில காலே வைக்க மாட்டார்! நாளைக்கு வண்டியில இருந்தபடியே குளிப்பார், கண் குளிரப் பாருங்கள்!"

அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் ஆள் வந்து நாள்கணக்கில் இறங்காமல் சைக்கிள் சுற்றுவான். மோட்டாரில் சுற்ற வந்தவர் என்று இவரை நினைத்துவிட்டார்கள். ஹாலாஸ்யம் ஒவ்வொரு சுற்றிலும் வாயைத் திறந்து என்னவோ கத்தினார். எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கூட்டம் பதிலுக்கு விசிலடித்தது.

"எறங்கினா விழுந்துடுவார்" என்றான் கல்யாணராமன், முகம் வெளுத்து. "கால் எட்டாதே."

விஜயம் நேராகப் போய்க் கருத்தக்கண்ணனிடம் கையை நீட்டினாள். "மைக்கக் குடுங்கோ."

"யாரும்மா நீங்க?"

"மாவீரரோட ஆம்படையா."

குழாய்க்கு அருகே வரும்போது மட்டும்தான் அவருக்குக் காதில் விழும் என்று அவளுக்குப் புரிந்தது. ஆகவே சுற்றுக்கு ஒரு சொல்லாகக் கொடுத்தாள்.

"ஏன்னா! நான்தான்!"

ஹாலாஸ்யம் திடுக்கிட்டு வண்டியோடு ஒரு ஆட்டம் ஆடிப் போனார்.

அடுத்த சுற்றில், "மெள்ளமா!"

அதற்கடுத்து, "பாய் பிடிச்சுப்பார்!"

கடைசியில், "பிரேக்!"

நைனா முகமதும் கல்யாணராமனும் காதுகுத்துக்கு வந்த மீசைக்காரத் தாய்மாமன்கள் நாலு பேரும் பாய்ந்து, வண்டியையும் ஆளையும் சேர்த்து அணைத்துப் பிடித்தார்கள். சத்தம் நின்றது. ஹாலாஸ்யத்தைத் தூக்கித் தரையில் நிறுத்தினால், அப்போதும் அதே தவளைக் கோலத்தில் குனிந்தபடியே நின்றார். முதுகு நிமிரவில்லை. அந்த நிலையிலேயே மாலை போட்டார்கள். மாலை தரையைத் தொட்டது.

டெம்போவின் பின்பக்கம் வண்டிக்குப் பக்கத்தில் அவரைச் சாய்த்துப் படுக்கவைத்து, தானும் உட்கார்ந்தாள் விஜயம். டெம்போ மேலூரை நோக்கி ஓடியது. தான் கைகாட்டிய சேஸ் இவரைக் கொன்றிருக்கும் என்பதே அவள் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகமெல்லாம் புழுதி, மூக்குக்கண்ணாடியில் ஒரு பூச்சி. முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"நான் அத எடுக்கச் சொன்னது காத்துக்காக இல்லே" என்றாள். "நடைவழியில நுழையுமேன்னுதான்."

ஹாலாஸ்யம் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"நானும் ஒண்ணு சொல்றேன்" என்றார். "ஆரம்பத்துல நெஜமாவே பயந்துதான் கத்தினேன். அப்புறம் அந்த மீசைக்காரா நாலு பேர், 'விடுங்க, நாங்க பிடிச்சுக்கறோம்'னு கையக் காட்டினா. எனக்கு நன்னாவே புரிஞ்சது."

"பின்னே ஏன் நிறுத்தலே?"

"அவ்வளவு ஜனம் கைதட்டித்து விஜி. ஆபீஸ்ல நான் லீவு போட்டாக்கூட ஒருத்தருக்கும் தெரியாது."

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது சிரிப்பு. முன்பக்கம் நைனா முகமது பயந்துபோய் வண்டியை ஓரங்கட்டுகிற அளவுக்குச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்பித் தடுப்பு வழியாகச் சொன்னாள்: "பாய், சேஸ் இதுவே இருக்கட்டும். இவர் கால் தரையில பாவற மாதிரி உசரத்த மட்டும் அறுத்துடுங்கோ. கைப்பிடியும் நன்னாத் திரும்பணும்."

"அறுத்துருவோம் தங்கச்சி. எம்புட்டு?"

"இவரப் படுக்கவச்சு அளந்துக்கோங்கோ. இப்போதைக்கு எழுந்திருக்க மாட்டார்."

பிப்ரவரியில் ஹாலாஸ்யம் சோழவரத்தில் ஓடினார். ஒன்பதாவதாக வந்தார். அவர் ஆபீசிலும் குடித்தனத்திலும் எக்ஸ்சேஞ்சிலும் விஜயம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். இரண்டு வண்டிகள் பாதியிலேயே படுத்துவிட்டதால், ஒன்பதுக்குப் பின்னால் யாருமே இல்லை என்பதை மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை.