அஞ்சாம் நம்பர் பிளக்கும் ஒரு 'ம்'மும்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. யாருடைய பொறாமை என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் மேற்கொண்டு படிக்க மாட்டீர்கள்.

முதல் வரியை மூன்று முறை எழுதினேன். 'ஷார்ஜா தொழில்பேட்டையின் மேல் சூரியன்—' வேண்டாம். 'பறப்பது என்பது மனிதனின் ஆதிக் கன—' இதை எழுதிய கையை உடைக்கலாம். மூன்றாவது இது: 2006இல் சோலைமுத்துவுக்குப் பாண்டித்துரையைக் கண்டாலே வயிறு எரிந்தது.

இது நிற்கட்டும்.

2

சோலைமுத்து முதுகுளத்தூர்க்காரர். ஷார்ஜாவில் ஒரு கராஜில் பன்னிரண்டு வருட மெக்கானிக். பானெட்டைத் திறக்காமலே, சத்தத்தை வைத்து எந்த சிலிண்டர் மக்கர் செய்கிறது என்று சொல்லிவிடுவார். பாண்டித்துரையும் அந்தப் பக்கம்தான். அதே கராஜுக்கு வந்து இரண்டு வருடம். விசாவுக்குச் சொல்லி இறக்கியதே சோலைமுத்துதான். ஆனால் பாண்டித்துரைக்கு இங்கிலீஷ் வரும்.

ஹாரிஸ் என்ற வெள்ளைக்காரர் தன் ஜீப்பை எப்போதும் சோலைமுத்துவிடம்தான் விடுவார். இரண்டு சீட் வைத்த ஒரு சிறு விமானத்தை அவர் சொந்தமாகக் கட்டிக்கொண்டிருந்தார். எஞ்சினுக்கு எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டியதும், விலை கூடிய விமான ஸ்பார்க் பிளக் எதற்கு, அடாப்டர் வைத்துக் கார் பிளக்கையே முடுக்கிவிடலாம் என்றாகிவிட்டது. கார் பிளக் என்றால் கராஜ், கராஜ் என்றால் சோலைமுத்து என்று நீங்கள் நினைப்பீர்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார். ஹாரிஸ் பாண்டித்துரையைக் கூப்பிட்டார்.

(ஹாரிஸைக் கொஞ்சம் கெட்டவராக எழுதலாமா என்று பார்த்தேன். முடியவில்லை. நல்ல மனுஷர். அதுதான் எரிச்சல்.)

புரொப்பெல்லரில் கை வைத்து எடுத்த போட்டோவைப் பாண்டித்துரை தன் கட்டிலுக்கு மேல் ஒட்டினான். ஊருக்கும் ஒரு பிரதி போயிற்று. அடுத்த வெள்ளிக்கிழமை சோலைமுத்துவின் மனைவி சரோஜா போனில் கேட்டாள்:

"பாண்டித் தம்பி பிளேனு ரிப்பேர் பாக்குதாமுல்ல? நீங்க இன்னும் காருதானா?"

அந்தக் கேள்வியை அவர் ஒரு வாரம் மென்றுகொண்டிருந்தார்.

3

இங்கே கொஞ்சம் பாடம் நடத்தியாக வேண்டும். ஒவ்வொரு பிளக்குக்கும் ஒரு சூட்டு நம்பர் உண்டு. சிக்னலில் நின்று நின்று போகிற காருக்குச் சூடான பிளக் சரி. ஏறும்போது முழு மூச்சாக உழைக்கிற விமான எஞ்சினுக்குச் சூடு தங்காத பிளக் வேண்டும். கராஜில் 'கூலிங்' என்போம்.* நம்பர் தப்பாகிப்போனால் பிளக்கின் நுனி நெருப்பாய்ப் பழுத்து பிஸ்டனில் ஓட்டை விழும். காரென்றால் ஓரங்கட்டலாம்.

ஜப்பான் பிளக்கில் நம்பர் கூடக் கூடக் கூலிங். ஜெர்மன் பிளக்கில் நம்பர் குறையக் குறையக் கூலிங். பாண்டித்துரை மதுரையில் தொழில் பழகியது ஜெர்மன் பிளக்கில்.

வியாழன் சாயங்காலம் ஸ்பேர்பார்ட்ஸ் கடை காதர் மைதீன் பேச்சுவாக்கில் சொன்னார்: "ஒங்க பாண்டி ஜப்பான் பிளக்கு நாலு வாங்கிட்டுப் போறாப்ல. அஞ்சாம் நம்பரு. ஏரோபிளேனுக்காம்ல!"

வேண்டியது எட்டாம் நம்பர். சோலைமுத்துவுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. 'அவர் பதறியடித்து ரூமுக்கு ஓடி—' என்று எழுத எனக்கும் ஆசைதான். ஓடவில்லை. டீ குடித்தார். சர்க்கரை கொஞ்சம் கூடப் போடச் சொன்னார்.

\* 'என்போம்' என்று எழுதிவிட்டேன். 'என்பார்கள்' என்றிருக்க வேண்டும். இருக்கட்டும்.

4

ரூமில் பாண்டித்துரை புதுச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"நாளைக்குத்தாண்ணே மொதத் தடவ பறக்குது. பக்கத்து சீட்டுல என்னைய உக்காரச் சொல்லிட்டாரு."

"பிளக்கு?"

"வாங்கிட்டேண்ணே. காலைல அங்க போயி மாட்டணும். அஞ்சாம் நம்பரு, நல்ல கூலிங்கு. சரிதானண்ணே?"

அவன் கேட்டான். அதைக் கவனியுங்கள்.

"ம்" என்றார் சோலைமுத்து.

இந்த 'ம்'மை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஆமாம் என்றும் அர்த்தம், காதில் விழுந்தது என்றும் அர்த்தம், மேலே சொல்லு என்றும் அர்த்தம். அவர் பொய் சொன்னார் என்று என்னால் எழுத முடியாது.

5

மூன்று முடிவுகள் எழுதினேன். முதலாவதில் சோலைமுத்து காலையில் டாக்சி பிடித்துப் போய்ப் பிளக்கைப் பிடுங்குகிறார், சினிமாவாகிவிட்டது. இரண்டாவதில் ஹாரிஸே பெட்டியைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுகிறார். சோலைமுத்து சுலபமாகத் தப்பிக்கிறார் என்று கிழித்தேன். மூன்றாவதைக் காட்டப்போவதில்லை.

காரணம் இருக்கிறது. அந்த ரூமில் மூன்று கட்டில். மூன்றாவதில் ஆள் இல்லை என்று முதல் பிரதியில் எழுதியிருந்தேன். ஆள் இருந்தான். அதே கராஜின் ஸ்டோர் கீப்பர். தினமும் பிளக் எடுத்துக் கொடுக்கிறவன், சூட்டு நம்பரெல்லாம் மனப்பாடம். அவனை எந்த விமானத்துக்கும் யாரும் கூப்பிட்டதில்லை. பாண்டித்துரை இஸ்திரிப் பெட்டியோடு அவன் பக்கமும் திரும்பி, "நீங்க என்னண்ணே சொல்றீங்க?" என்றான்.

நானும் 'ம்' என்றேன்.

6

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி. கீழே ஹாரிஸின் ஜீப் ஹாரன் அடிக்கிறது. பாண்டித்துரை பிளக் பெட்டிகளைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுக்கிறான். சோலைமுத்து தூங்குவதுபோல் படுத்திருக்கிறார். நானும்தான்.

நம்பர் கணக்கு இப்போது உங்களுக்கும் தெரியும். நானே சொல்லிக்கொடுத்துவிட்டேன். இவ்வளவு நேரம் கதைக்கு ஒழுங்காக 'ம்' கொட்டிக்கொண்டு வந்தீர்கள், நல்லது. அவன் கதவில் கை வைத்துத் திரும்பி, "வரட்டுமாண்ணே?" என்று கேட்கிறான்.

இந்தத் தடவை வேறு ஏதாவது சொல்லுங்கள்.