இனிக்கும் பூச்சு

மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடத்துக்குக் குழந்தை மருத்துவர் ஒரு தாளைத் தையற்காரியின் பக்கம் திருப்பி வைத்து, அதிலிருந்த எண்ணைப் பேனாவால் வட்டமிட்டார். இரத்தத்தில் ஈயம், ஒரு டெசிலிட்டருக்கு முப்பத்தெட்டு மைக்ரோகிராம். இரத்தம் கொடுத்த குழந்தைக்கு வயது இரண்டு ஆண்டு, ஒரு மாதம்.

"இது எவ்வளவு இருக்கணும் டாக்டர்?"

"இருக்கவே கூடாதும்மா."

தையற்காரி மடியிலிருந்த மகளைப் பார்த்தாள். ஆறு மாதத்துக்கு முன்பு வரை அந்தக் குழந்தைக்கு வீட்டில் வாயாடி என்று பெயர். பூனையைக் கூப்பிடும், தண்ணீர் கேட்கும், மாமனை அதட்டும். இருபது சொற்களுக்குக் குறையாமல் வைத்திருந்த வாயில் இப்போது நான்கு மீதி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழும், சோற்றைத் தள்ளிவிடும். மற்ற சொற்கள் எங்கே போயின என்று கேட்கத்தான் தாய் மருத்துவரிடம் வந்திருந்தாள்.

"எதையாவது கடிக்கிறாளா?"

"கட்டில் கம்பைக் கடிப்பா. பல்லு முளைக்குதுன்னு விட்டுட்டோம்."

"பெயிண்ட் அடிச்ச கட்டிலா? யார் அடிச்சது?"

"எங்க அண்ணன். அவரு தொழிலே அதுதான்."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். அதன்பின் அவர் சொன்னவை தெளிவானவை. கட்டிலை இன்றைக்கே வெளியேற்ற வேண்டும். ஆனால் அதைச் சுரண்டக்கூடாது, உடைக்கக்கூடாது, எரிக்கக்கூடாது. ஈரத்துணியால் போர்த்தி முழுதாகத் தூக்க வேண்டும். தரையை விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரமாகத் துடைக்க வேண்டும். பெயிண்டரின் வேலைத் துணி குழந்தை இருக்கும் அறைக்குள் வரவே கூடாது. எண் நாற்பத்தைந்தைத் தொட்டால் மருத்துவமனையில் சேர்த்து, மருந்து கொடுத்து ஈயத்தை வெளியே இழுக்க நேரிடும்.

"தூசுதான் எமன். புரிஞ்சுதாம்மா?"

தையற்காரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். தலையாட்டியதில் ஒரு குறையும் இல்லை.

வீடு அவளுடைய அண்ணனுடையது. கீழ்த்தளத்தில் அண்ணனும் அண்ணியும். மாடியில் அவளும் குழந்தையும் அவளுடைய தையல் இயந்திரமும். கணவன் லாரி ஓட்டுபவன். மாதத்தில் இரண்டு முறை வந்து போவான். கீழ் அறையின் பாதி, பெயிண்டரின் சரக்குக்கிடங்கு. அந்தக் கிடங்கின் உள்மூலையில் பதினோரு தகர டப்பாக்கள் தனியாக இருந்தன. இடிக்கப்பட்ட ஒரு பழைய கடையிலிருந்து பெயிண்டர் பொறுக்கி வந்தவை. மூடி துருப்பிடித்திருந்தாலும் உள்ளே வெள்ளைப் பூச்சு வெண்ணெய் போல இருந்தது.

அந்தப் பூச்சு உயர்ந்தது என்பதை அவர் நாக்கால் கண்டுபிடித்தார். அது அவர் குருவின் வழக்கம். பழைய பூச்சை நகத்தால் பெயர்த்து நுனிநாக்கில் வைப்பார்கள். இனித்தால் நல்ல பூச்சு, நாற்பது வருடம் மரத்தை விடாது. கசந்தாலும் சப்பென்றிருந்தாலும் மட்டம். இனிப்பது ஈயம் என்று குருவுக்கும் தெரியாது. இந்த முப்பது வருடத்தில் எத்தனை கதவுகளை ருசி பார்த்திருப்பாரோ, அவருக்கே தெரியாது. "இவரு நாக்கு இருக்கே, குழம்புல உப்பு இல்லேன்னா தெரியாது, கதவுல இனிப்பு இருந்தா மட்டும் தெரியும்" என்று அண்ணி சிரிப்பாள். ஊரார் வீட்டுக்குச் சப்பென்றதை அடித்துவிட்டு, இனிப்பதை அவர் ஒரே மருமகளின் கட்டிலுக்கென்று ஒதுக்கி வைத்தார். மூன்று பூச்சுப் பூசினார். அதைவிடப் பிரியமாக அவர் எதையும் செய்ததில்லை.

பதினொன்றரை மணிக்குத் தையற்காரி வீடு வந்தபோது அவர் பின்கட்டில் தின்னரில் கையை முக்கித் தூரிகை கழுவிக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் அவர் சிரித்தார்.

"உன் டாக்டரு எத்தனை வீட்டுக்கு வெள்ளையடிச்சிருக்காரு?"

"அண்ணா, விளையாடாதே. கட்டிலை ஈரத்துணி சுத்தி வெளியே போடணும். அந்தப் பதினோரு டப்பாவும் போகணும்."

"என் வீட்டுல எது போகணும் எது இருக்கணும்னு நீ சொல்றியா? ஒண்ட வந்த பிடாரியா நீ?"

"ஊர்ப் பிடாரிகிட்டதான் சொல்றேன். புள்ளைக்குப் பேச்சு போயிடுச்சுண்ணா."

"நான் விஷம் வச்சேன்னு சொல்றே."

"தெரியாம வச்சேன்னு சொல்றேன்."

தெரியாமல் என்ற அந்தச் சொல்தான் அவரை எழுப்பியது. முப்பது வருடத் தொழிலில் தெரியாது என்று அவரைப் பார்த்து எவரும் சொன்னதில்லை. தின்னர் சொட்டும் கையோடு, சுரண்டியை இடுப்பில் செருகிக்கொண்டு மாடிப்படி ஏறினார். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் மேலே இரண்டு நாற்காலிகள் விழுந்த சத்தம் கேட்டது.

கட்டிலின் மேல்கம்பில் குழந்தையின் பல்தடங்கள் வரிசையாக இருந்தன. எலி கடித்த பலகை போல. பெயிண்டர் அந்த இடத்திலேயே சுரண்டியை வைத்து அழுத்தி, நகத்தளவு ஒரு செதிலைப் பெயர்த்தார். பெயர்த்ததை நாக்கில் போட்டு மென்றார்.

"பாத்துக்கோ. முப்பது வருஷமா திங்கிறேன். செத்தா போயிட்டேன்?"

"அதைத் துப்பிட்டுக் கீழே போ அண்ணா."

"நீ சொன்னா நான் துப்பணுமா?" என்று அவர் அவள் கன்னத்தில் அறைந்தார். அறையின் வேகத்தில் அவள் தலை சுவரில் மோதியது. குழந்தை அவள் இடுப்பிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்தது. அண்ணி வாசலில் நின்று, "ஐயோ, கை நீட்டாதீங்க! கூடப் பொறந்தவ!" என்று கத்தினாள். அவர் காதில் அது ஏறவில்லை. இன்னொரு செதிலைப் பெயர்த்து இரு விரலில் பிடித்துக் குழந்தையின் முன் குனிந்தார்.

"என் மருமகளுக்கு என் கையால ஊட்டுறேன். என்ன ஆகுதுன்னு எல்லாரும் நின்னு பாருங்க."

குழந்தை வாயைத் திறந்தது. சோற்றுக்குத் திறக்காத வாய், அந்தச் செதிலுக்கு ஆவென்று திறந்தது. அதற்கு அந்த இனிப்புத் தெரியும்.

தையற்காரி அதைப் பார்த்தாள். மேசையில் இஸ்திரிப் பெட்டி இருந்தது. சூடில்லாதது, நாலு கிலோ இரும்பு. அவள் அதை எடுத்ததை அண்ணி பார்த்தாளே தவிர, ஓங்கியதைப் பார்க்கவில்லை. இரும்பு அண்ணனின் வலது மணிக்கட்டில் இறங்கியது. காய்ந்த குச்சி ஒடிவது போல ஒரு சத்தம். செதில் பறந்தது. அவர் அலறிக்கொண்டு இடது கையால் அவள் கூந்தலைப் பற்றி இழுத்தார். அவள் அந்தக் கையைக் கடித்தாள், வாயில் இரத்தமும் தின்னரும் கரித்தன. இரண்டு பேரும் கட்டிலின் மேல் சாய்ந்து, அதன் கால் முறிந்து, அதோடு சேர்ந்து விழுந்தார்கள். ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள் என்று அப்போது பார்த்த எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பெயிண்டர் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நகர்ந்துவிட்டார். அங்கே அது நின்றிருக்கலாம். தையற்காரி நிறுத்தவில்லை. இஸ்திரிப் பெட்டியை மறுபடி எடுத்துக் கட்டிலை அடித்தாள். கம்பு கம்பாக அடித்தாள், தலைமாட்டுப் பலகையைப் பிளந்தாள், பிளந்ததை மிதித்தாள். ஆறு மாதமாக மகள் வாயிலிருந்து ஒவ்வொன்றாகப் போன சொற்களுக்கெல்லாம் ஓர் அடி வீதம் போட்டாள். மூன்று பூச்சு வெள்ளையும் பொடியாகி எழுந்தது. ஜன்னல் வெயிலில் மாவு சலித்தது போல அது நின்றது. தைக்க வைத்திருந்த துணிகளின் மேலும், தண்ணீர்க் குடத்தின் மேலும், மேசைக்கடியில் ஒளிந்துகொண்டிருந்த குழந்தையின் முடியின் மேலும் இறங்கியது. குழந்தை விரலைத் தரையில் தேய்த்து வாயில் வைத்துக்கொண்டது.

அதைக் கண்டவள் அண்ணிதான். "அடிப்பாவி, போதும்டி! புள்ளையைப் பாரு!" என்று குழந்தையை வாரி எடுத்துப் படியிறங்கினாள்.

பெயிண்டரின் மணிக்கட்டில் இரண்டு எலும்புகள் முறிந்திருந்தன. கட்டுப் போட்ட மருத்துவமனையில் அவருடைய இரத்தத்தையும் எடுத்தார்கள், எழுபத்தொன்று. தீராத வயிற்றுவலி, கைநடுக்கம், தூக்கமின்மை, எடுத்ததற்கெல்லாம் கோபம், எல்லாமே ஈயத்தால் வரக்கூடியவை என்று அங்கிருந்த மருத்துவர் விளக்கினார்.

"கோபத்தை மட்டும் அந்தக் கணக்குல சேக்காதீங்க டாக்டர். டப்பாவைத் தொடுறதுக்கு முன்னாடியும் இவரு இப்படித்தான்" என்றாள் அண்ணி.

காவல்துறைக்கு எழுத வேண்டுமா என்று கேட்டபோது பெயிண்டர், படியில் விழுந்ததாகச் சொன்னார். தங்கையின் பெயரை எடுக்கவில்லை. அவளைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அன்று மாலை தையற்காரி மாடியை விளக்குமாற்றால் சுத்தமாகப் பெருக்கினாள். அழுதுகொண்டே பெருக்கினாள், காய்ந்த தரையில், கதவைச் சாத்திக்கொண்டு. பெருக்கிய அறையிலேயே குழந்தையைப் பாயில் கிடத்திப் பக்கத்தில் படுத்தாள். காலையில் கேட்ட அத்தனை சொற்களும் காதுக்குள் இருந்தன. கைக்கு மட்டும் போய்ச் சேரவில்லை.

பதினெட்டாம் தேதி மறுபடி இரத்தம் எடுத்தார்கள். நாற்பத்தொன்பது.

"கட்டிலை வெளியே போட்டாச்சுன்னு சொன்னீங்களே. எப்படிப் போட்டீங்க?" என்று குழந்தை மருத்துவர் கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. "உடைச்சேன் டாக்டர். பெருக்கினேன்" என்றாள்.

"எதை உடைக்காதேன்னு சொன்னேனோ அதையேவா?"

"அதையேதான். அவரு ஆறு மாசத்துல ஏத்தினதுக்கு மேல, நான் ஒரு மணி நேரத்துல பதினொண்ணு ஏத்திட்டேன்."

மருத்துவர் அவளைத் திட்டவில்லை. சேர்க்கைச் சீட்டை எழுதினார். பத்தொன்பது நாள் சிகிச்சை. முதல் வாரம் அந்தப் பிஞ்சுக் கையில் ஊசிக்கு நரம்பு கிடைக்காமல் இருவர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிடித்தவர்களில் ஒருத்தி தாய். குழந்தை அவளைக் கடித்தது. நான்கு சொற்களில் ஒன்றான "வேணாம்" என்பதைக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. தையற்காரி பிடியைத் தளர்த்தவில்லை. இந்த முறை சொன்னதைச் சொன்னபடி செய்தாள்.

ஏப்ரல் ஐந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மருத்துவமனையின் மூன்றாம் மாடி நடைவழியில் நால்வரும் கூடினார்கள். லாரிக்காரன் ஊரிலிருந்து வந்திருந்தான். பெயிண்டர் மாவுக்கட்டோடு, சுவரைப் பார்த்து நின்றார். எண் இருபத்திரண்டுக்கு இறங்கியிருந்தது. ஆனால் எலும்பில் தங்கிய ஈயம் மெல்ல மறுபடி இரத்தத்துக்கு வரும் என்றும், இழந்த பேச்சு முழுதும் திரும்புமா என்பதற்குத் தன்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்றும் மருத்துவர் சொல்லியிருந்தார்.

"இவளைக் கேளு, என்ன வேணுமாம்னு" என்றார் பெயிண்டர், அண்ணியிடம்.

"நீங்களே கேளுங்க. வாய் இருக்குல்ல? கண்டதை நக்க மட்டுமா அது?"

அவர் கேட்கவில்லை. தையற்காரி தானே சொன்னாள், மற்றவர்கள் திருத்தினார்கள். ஒரு மணி நேரத்தில் முடிவானது இதுதான்.

தையற்காரியும் குழந்தையும் அந்த வீட்டுக்குத் திரும்புவதில்லை. அவள் துணி வாங்கும் கடையின் பின்னறையில் குடியேறுவார்கள். புதுச் சுண்ணாம்பு அடித்த அறை, மரக்கதவு இல்லாதது. மாடியில் இருந்த துணிகள், பாய், பொம்மைகள் எதுவும் அங்கே போகாது. தையல் இயந்திரம் மட்டும் ஈரத்துணியால் மூன்று முறை துடைத்த பின் போகும். பதினோரு டப்பாக்களும் கட்டிலின் துண்டுகளும் மூடிய பையில் நகராட்சியின் அபாயக் கழிவுக் கிடங்கில் ஒப்படைக்கப்படும். அதை லாரிக்காரன் செய்வான். பெயிண்டர், எலும்பு கூடிய பின், பழைய பூச்சை உலர்வாகச் சுரண்டமாட்டார், நெருப்பால் கருக்கமாட்டார், நாக்கில் வைக்கமாட்டார். வேலை செய்த இடத்திலேயே குளித்து உடை மாற்றுவார். இதை அண்ணி கண்காணிப்பாள். குழந்தைக்கு மாதம் ஒரு முறை இரத்தப் பரிசோதனை. வாரம் இருமுறை பேச்சுப் பயிற்சி. எண் பத்துக்குக் கீழே வரும் வரை பெயிண்டர் குழந்தையைப் பார்க்க வருவதில்லை. வந்தபின் பார்க்கலாமா என்பதை அன்றைக்குத் தையற்காரி முடிவு செய்வாள்.

பெயிண்டர் இதற்குச் சரி என்றார். மன்னிப்பு என்ற பேச்சை இருவரில் ஒருவரும் எடுக்கவில்லை.