மறுமுனையில் போடாத கட்டளை

பாப்லு விட்ட அறையில் கோகன் நாற்காலியோடு சரிந்தான். லிட்டன் கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"தூக்கி உக்கார வை. இன்னும் ஆரம்பிக்கவே இல்ல" என்றான்.

வங்கதேசத்து நாராயண்கஞ்சில் இணையத் தொழில் நடத்தப் படிப்பு வேண்டாம், பேட்டை வேண்டும். ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் லிட்டனின் கேபிள், அந்தப் பக்கம் துலாலின் கேபிள். ஒருவன் கேபிளில் இன்னொருவன் ஆள் கை வைத்தால் அந்தக் கை போகும். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத விதி இது. அதனால்தானோ என்னவோ, எல்லோரும் ஒழுங்காக மதிக்கிறார்கள்.

கோகன் துலாலின் லைன்மேன். இந்தப் பக்கத்து ஆயத்த ஆடை ஆலை தன் இரண்டு கட்டடங்களையும் லிட்டனின் கேபிளால் இணைத்திருந்தது. ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அதே கட்டடங்களுக்கு நடுவே துலாலிடமும் ஒரு கேபிள் வாங்கியது. காலையில் கோகன் வந்து அதைச் செருகினான். செருகியதும் லிட்டனின் பேட்டை முழுக்க இணையம் செத்தது. பாப்லு ஓடிப்போய்ப் பிடுங்கினான், உயிர் வந்தது. மறுபடி செருகிப் பார்த்தான், மறுபடி செத்தது. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? கேபிளைத் திரும்பப் பிடுங்கிவிட்டு, கோகனின் சட்டைக் காலரைப் பிடித்து நடுத்தெருவில் இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

"துலால் என்னடா வச்சு அனுப்பினான்?"

"அல்லா மேல சத்தியமா வெறும் கேபிள்தான் பாய். சொருகுன்னாங்க, சொருகினேன்."

"வெறும் கேபிளுக்குப் பேட்டையே படுத்துருமா? யாரு காதுல பூ சுத்துற?"

பாப்லு சுத்தியலை எடுத்துவந்தான். கோகனின் வலது கையை இழுத்து மேசைமேல் விரித்துப் பிடித்தான். தலைமயிர் போன்ற கண்ணாடி இழைகளை ஒட்டவைக்கும் கை அது. அது போனால் அவன் பிழைப்பும் போச்சு.

மூலையில் மடிக்கணினி முன்னால் மாருஃப் உட்கார்ந்திருந்தான். கேபிள்களை இணைத்துத் தரவைத் திருப்பிவிடும் லிட்டனின் சுவிட்சுப் பெட்டிகள் எல்லாம் அவன் பொறுப்பு. கடவுச்சொல் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, குற்றவாளி யார் என்பதும் இப்போது தெரிந்துவிட்டது.

ஆலையின் இரு கட்டடங்களிலும் இருக்கும் சுவிட்சுகள் ஓயாமல் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். இரண்டு வழி இருந்தால் ஒன்றை மூடிவைக்க வேண்டும் என்று முடிவு செய்வது அந்தப் பேச்சில்தான். நடுவிலிருக்கும் லிட்டனின் சுவிட்சுகள் அதில் மூக்கை நுழைக்கக் கூடாது. பேச்சை அப்படியே உறையில் போட்டு மறுபக்கம் சேர்க்க வேண்டும். டனலிங் என்பார்கள். அதற்கான கட்டளையை லிட்டன் கேபிளின் இரண்டு முனையிலும் போட வேண்டும். மாருஃப் ஒரு முனையில் போட்டு முடித்த நேரத்தில், தன் மகளின் கல்யாண மஞ்சள் சடங்கை நேரலையில் காட்ட வேண்டும் என்று லிட்டன் அவனை இழுத்துக்கொண்டு போய்விட்டான். மறுமுனை மறந்தே போனது. ஒரு வழி இருந்தவரை வம்பில்லை. இரண்டாவது வந்ததும் இரண்டும் திறந்துகொண்டு, போன தரவே திரும்பத் திரும்பச் சுற்றிவந்து பேட்டையை அமுக்கிவிட்டது.

சுத்தியல் உயர்ந்தது.

"பாய், நிறுத்தச் சொல்லுங்க. தப்பு அவன் மேல இல்ல, என் மேல."

மாருஃப் மறுமுனையில் கட்டளையைப் போட்டான். துலாலின் கேபிளைச் செருகச் சொல்லி ஆலைக்குப் பேசினான். செருகினார்கள். இந்த முறை இணையம் சாகவில்லை.

லிட்டன் திரையையும் கோகனையும் மாறி மாறிப் பார்த்தான். "புரியுது. பாவம், இவன் ஒண்ணும் பண்ணல" என்றான். "ஆனா இழுத்துட்டு வந்ததைப் பேட்டையே பாத்துச்சே. முழுக் கையோட அனுப்பினா நாளைக்குத் தெருவுல சிங்காரா சுட்டு விக்கிறவன்கூட என்னை மதிக்க மாட்டான். பாப்லு, முடி."

மாருஃபுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவன் வீரன் இல்லை, சண்டை என்றால் தெரு மாறிப் போகிறவன். இருந்தும் விரல்கள் முந்திக்கொண்டன. போட்ட கட்டளையை எடுத்துவிட்டான்.

பேட்டை மறுபடி செத்தது. லிட்டனின் இரண்டு போனும் அலறத் தொடங்கின. முதல் ஆள் ஆலை முதலாளி, கெட்ட வார்த்தையில்தான் ஆரம்பித்தார்.

"அவன் ரயில் பாதையைத் தாண்டட்டும், போடறேன்" என்றான் மாருஃப்.

பாப்லு அவன் தலையைப் பிடித்து மேசையில் மோதினான். மூக்கு உடைந்தது. விலாவில் உதைத்தான். ஒரு பல் கழன்று நாக்கில் உருண்டது.

"கையைத் தொடாத. அது வேணும்" என்றான் லிட்டன்.

அடி விழ விழ மாருஃப் விசைப்பலகைப் பக்கம் திரும்பவே இல்லை. போன்களும் ஓயவில்லை. ஒரு கட்டத்தில் லிட்டன் இரண்டையும் சுவரில் அடித்தான்.

"போடா" என்றான் கோகனிடம்.

கோகன் ஒரு கணம் மாருஃபைப் பார்த்தான். பிறகு விழுந்தடித்து ஓடினான். அவன் தண்டவாளத்தைத் தாண்டி மறையும்வரை மாருஃப் ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு மறுமுனையில் கட்டளையைத் திரும்பப் போட்டான்.

"இனிமே நிக்குமா?"

"நிக்கும் பாய். சேமிச்சுட்டேன்."

"கரண்ட் போயிட்டு வந்தாலும்?"

"வந்தாலும்."

லிட்டன் தலையாட்டினான். ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தான்.

"அப்ப இனி உன் கை வேண்டாம். பேட்டைக்கு ஏதாவது காட்டணும்ல தம்பி. வை."

வைக்காவிட்டால் பாப்லு கோகனைத் தேடித் தண்டவாளத்தைத் தாண்டிப் போவான். மாருஃப் வலது கையை மேசைமேல் வைத்தான். சுத்தியல் இறங்கியபோது பேட்டையில் ஒரு வீட்டிலும் இணையம் அறுபடவில்லை.