பலகை வைத்திருந்தோம்

அண்ணியின் வலது கை முழங்கைவரை மாவுக்கட்டில் இருந்தது. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் வீங்கிச் சிவந்திருந்தன. அவை பழையபடி ஊசி பிடிக்குமா என்று சொல்ல முடியாது என டாக்டர் வெளியே வைத்து அவனிடம் மட்டும் சொல்லியிருந்தார். அண்ணன் போன பிறகு அந்த வீடு ஓடுவதே அண்ணியின் தையல் மெஷினால்தான். அவன் அந்த விரல்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தான். ஜன்னல், குளுக்கோஸ் கம்பி, பக்கத்துக் கட்டிலில் வாயைப் பிளந்து தூங்கும் பெண்மணி. முகம் தெரிந்தவர் இருந்தால் பேச எளிது என்று அவனையும் அழைத்து வந்திருந்த காப்பீட்டு நிறுவன ஆய்வாளர், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முதலில் உடம்பைப் பற்றித்தான் விசாரித்தார். நல்ல மனிதர். அதுதான் தொல்லையாக இருந்தது.

நகராட்சியில் காப்பீட்டுப் பிரிவு என்றால் அவன்தான். நகராட்சி இடத்தில் யாராவது விழுந்து அடிபட்டால் காப்பீட்டு நிறுவனம் நஷ்டஈடு கொடுக்கும். ஆனால் தப்பு எங்களுடையதுதான் என்று நகராட்சி ஆள் யாரும் முந்திக்கொண்டு உளறிவிடக் கூடாது. இதை ஊழியர்களுக்கு வகுப்பெடுத்தே சொல்வான். தூக்கிவிடுங்கள், தண்ணீர் கொடுங்கள், மன்னிப்பு மட்டும் கேட்காதீர்கள். அலுவலகத்தில் அவனுக்கு வாய்ப்பூட்டு என்று பெயர். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

நூலகப் படிக்கட்டின் கைப்பிடி ஆட்டம் கண்டபோது நூலகர் அம்மா ஒரு பலகையில் 'பிடிக்க வேண்டாம்' என்று பெரிதாக எழுதிக் கட்டியிருந்தார். அதைக் கழற்ற வைத்தவன் அவன். உடைந்தது தெரிந்தும் சரிசெய்யவில்லை என்று அந்தப் பலகையே நமக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்று ஃபோனில் விளக்கினான். யாராவது விழுந்தால் என்று அந்த அம்மா இழுத்தார். விழுந்தால் பார்த்துக்கொள்ளலாம், அதற்குத்தானே இன்சூரன்ஸ் என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைக்க இப்போது உடம்பே கூசியது. மழை நாளில் அண்ணி அந்தப் படியில் கால் வழுக்கிப் பிடித்த கைப்பிடி, கையோடு பெயர்ந்து வந்துவிட்டது.

ஆய்வாளர் மெதுவாக விஷயத்துக்கு வந்தார்.

"அங்க எச்சரிக்கை போர்டு எதாவது இருந்துச்சாம்மா?"

அண்ணி அவரைப் பார்க்கவில்லை, கொழுந்தனைப் பார்த்தாள். சின்ன வயதில் அவன் அண்ணனிடம் மாட்டிக்கொள்ளும் போதெல்லாம் இப்படித்தான் ஒரு பார்வை பார்ப்பாள். அப்புறம் கூசாமல் அவனுக்காக ஒரு பொய் சொல்வாள்.

"இருந்துச்சு சார். நான்தான் கவனிக்கல. நெனப்பு எங்கயோ இருந்துச்சு."

ஆய்வாளர் அவன் பக்கம் திரும்பி, அப்படியா சார் என்றார். பலகை இருந்தும் பிடித்திருந்தால் தப்பு அண்ணியுடையது, நஷ்டஈடு கிடையாது. இல்லை என்ற ஒரு சொல் போதும். அண்ணியின் கைக்கு நியாயம் கிடைத்துவிடும். அவன் வேலை போகலாம், போகாமலும் இருக்கலாம்.

"வச்சிருந்தோம்" என்றான்.

அது பொய்கூட இல்லை. அப்படியொரு சொல் தனக்குச் சட்டென்று அகப்பட்டதில் அவன் கூனிக்குறுகிப் போனான்.

தன் தப்பை இவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொள்கிறவர்கள் குறைவு என்று அவன் தோளைத் தட்டிவிட்டு, வெளியே காத்திருப்பதாகச் சொல்லி ஆய்வாளர் எழுந்து போனார். அண்ணி குரலைத் தாழ்த்தினாள்.

"சரியாத்தானே சொன்னேன் தம்பி? உன் வேலைக்கு ஒண்ணும் வந்துடாதில்ல?"

அவன் தலையாட்டினான். மன்னித்துவிடுங்கள் அண்ணி என்பது தொண்டைவரை வந்தது. யாராவது கேட்கிறார்களா என்று அவன் கண்கள் தானாகவே கதவுப் பக்கம் போயின. போன கண்களை அங்கேயே பிடுங்கிப் போடலாம் போலிருந்தது.

அண்ணி அதற்குள் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்திருந்தாள். மணிக்கட்டில் பொத்தான் ஒற்றை நூலில் தொங்கியது.

"இத எப்படிப் போட்டுக்கிட்டு ஆபீசுக்குப் போற? கட்டு பிரிச்சதும் கொண்டா, தச்சுத் தரேன்."

சொல்லிக்கொண்டே இடது கை விரல்களால் நூலைப் பொத்தானைச் சுற்றி இறுக்கப் பார்த்தாள். நூல் நழுவிக்கொண்டே இருந்தது. அவன் கையை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தான்.