எந்தக் காரிடாரையும் இரண்டு முறை நடக்கக் கூடாது

1

இந்தக் கதை ஒரு மதிப்புரையாக இருந்திருக்க வேண்டியது. நானூறு வார்த்தை, கடைசியில் ஒரு பரிந்துரை, அவ்வளவுதான். பிள்ளைகளுக்குப் பள்ளி தேடும் பெற்றோருக்கான வழிகாட்டி ஒன்றில் பதினோரு வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். இங்கிலாந்தின் வடகிழக்கில் நான் மழைக்காவது ஒதுங்காத பள்ளிக்கூடம் கிடையாது. எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்புரையைத்தான் எழுதியிருக்கிறேன் என்பதை மட்டும் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ("அன்பும் கண்டிப்பும் கைகோக்கும் சூழல்." இந்த வரி முப்பத்திரண்டு பள்ளிகளுக்குப் போயிருக்கிறது. அதில் ஒன்றைப் பிறகு இழுத்து மூடினார்கள்.)

போன சனிக்கிழமை போனது கணக்குக்கென்றே அரசு நடத்தும் பள்ளி. பதினாறு வயதில் நுழைவுத் தேர்வு எழுதிச் சேர்ந்து, பதினெட்டில் வெளியே வருவார்கள். சேர நினைப்பவர்கள் வந்து சுற்றிப் பார்ப்பதற்கான நாள் அது. பள்ளியின் பெயரைச் சொல்லமாட்டேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

முதல் தொடக்கம்: "ஆற்றங்கரையில் கம்பீரமாக எழுந்து நிற்கும்

இல்லை. அது பழைய சுங்க அலுவலகம். கம்பீரம் எல்லாம் கிடையாது, ஈரம்தான் உண்டு.

இரண்டாம் தொடக்கம்: "இங்கே கணக்கு ஒரு பாடம் அல்ல, ஒரு

ஒரு என்ன? வியாதி என்றுதான் கைக்கு வந்தது. வழிகாட்டியின் எடிட்டர் ஹிலரி அதை விடமாட்டாள்.

மூன்றாம் தொடக்கம்: "டில்லி ஆஸ்க்யூவுக்குப் பதினாறு வயது."

இதை எழுதியதும் மதிப்புரை செத்தது.

2

டில்லியை வாசலில் பார்த்தேன். மழையில் வரிசை. எனக்கு முன்னால் அவளும் அவள் அப்பா டெரிக்கும். அவர் பஸ் ஓட்டுநர், சீருடையோடு வந்திருந்தார், மதியம் வேலை. என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் படித்துவிட்டுத் திரும்பினார்.

"நீங்கதான் எழுதுறவங்களா மேடம்? கொஞ்சம் உள்ளத உள்ளபடி சொல்லுங்க. இப்ப படிக்கிற ஸ்கூல்ல கணக்குக்கு இவதான் ராணி. வாத்தியாரே இவகிட்டதான் சந்தேகம் கேக்குறாரு."

"ஒரு தடவதாம்ப்பா கேட்டாரு."

"ஒரு தடவ கேட்டாலும் ராணி ராணிதான் கண்ணு."

"இங்க வர்ற எல்லாருமே அவங்கவங்க ஸ்கூல்ல ராணிதாம்ப்பா," என்றாள் டில்லி. "அப்ப நான் யாரு?"

விண்ணப்பத்தை நிரப்பி வைத்திருக்கிறாள். அனுப்புவதா வேண்டாமா என்பதுதான் பாக்கி. புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு முடிகிறது. அங்கேயே இருந்தால் முதலிடம், இங்கே வந்தால் கடைசி இடமாகக்கூட இருக்கலாம். இரண்டு வாரமாக வீட்டில் இதே பேச்சாம்.

(முதல் வரைவில் டில்லிக்குக் கண்ணாடி மாட்டிவிட்டேன். கணக்குப் போடுகிற பெண் என்றால் கண்ணாடி என்பது என் சோம்பேறித்தனம். கழற்றிவிட்டேன். அவளுக்குக் காதில் மூன்று வளையம், கழுத்தில் ஊர்க் கால்பந்துக் குழுவின் கறுப்பு வெள்ளைத் துண்டு. இந்தப் பெண்ணுக்கு நிஜமாகவே இவ்வளவு பயம் இருக்குமா என்று எனக்கு நடுவில் சந்தேகம் வந்தது. இருந்தது. பார்த்தேன்.)

3

தலைமையாசிரியர் முனைவர் பென்ஹாலிகன் பேசினார். மற்ற பள்ளிகளில் தலைமையாசிரியர்கள் கதை விடுவார்கள், நாம் தலையாட்டுவோம். இவர் எதையும் நிரூபிக்காமல் சொல்வதில்லை என்று முடிவு செய்தவர்.

"நல்வரவு," என்றவர், கொஞ்சம் யோசித்து, "பெரும்பாலானவர்களுக்கு," என்றார்.

ஒரு தாய் கையைத் தூக்கினாள். "பிள்ளைங்க இங்க சந்தோஷமா இருக்காங்களா சார்?"

"அறுபத்தெட்டு பேர்கிட்ட கேட்டோம். அம்பத்தொம்பது பேர் ஆமான்னாங்க. ஒம்பது பேர் சந்தோஷம்னா என்னன்னு மொதல்ல சொல்லுங்கன்னாங்க."

"நீங்க சொன்னீங்களா?"

"குழு போட்டிருக்கோம்மா."

இந்த இடத்தில் ஒரு கட்டுரை எழுத ஆசை. பள்ளியை அளப்பது எப்படி, பிள்ளையை அளப்பது எப்படி என்றெல்லாம். மூன்று பத்தி எழுதினேன். அறிவாளித்தனமாக இருந்தது, டில்லி அதில் எங்கேயும் இல்லை. நீக்கிவிட்டேன்.

4

பிறகு சுற்றிக் காட்டினார்கள். வழிகாட்டியையும் சேர்த்து எட்டெட்டுப் பேராக ஐந்து குழு, பத்து நிமிடத்துக்கு ஒன்று. முதல் குழுவில் நாங்கள். வழிகாட்டி அனீஸா மிர்ஸா, இரண்டாம் வருட மாணவி, மெலிந்த பெண், குரல் மட்டும் ரயில் நிலைய அறிவிப்பு போல.

"எங்க டூர்ல ஒரு விசேஷம் இருக்கு. எல்லா காரிடாரையும் நடப்போம். ஆனா எதையும் ரெண்டு தடவ நடக்கமாட்டோம். வழிய நாங்களே கண்டுபிடிச்சோம்."

இந்தக் கட்டடத்தில் அப்படி ஒரு வழி கிடையாது என்றுதான் மாணவர்கள் முதலில் நிரூபித்தார்களாம். பிறகு, ஒரே ஒரு காரிடாரை மூடிவிட்டால் உண்டு என்று நிரூபித்தார்களாம். மூடிவிட்டார்கள். கழிப்பறை அந்தக் காரிடாரில் இருந்தது.

நடந்தோம். ஆய்வகம் அருமை. நூலகம் சிறியது, ஆனால் புத்தகங்கள் கிழிந்திருந்தன, அதாவது படிக்கிறார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பையன் சாசேஜ் ரோலை ஒரே வெட்டில் மூன்று சமபங்காக்க முடியுமா என்று முயன்றுகொண்டிருந்தான். முப்பத்தைந்து நிமிடம் கழித்து ஆசிரியர்களுக்கான குட்டிச் சமையலறைக்கு வந்து சேர்ந்தோம். கெட்டில், மைக்ரோவேவ், யாரோ யாருடைய கோப்பையையோ எடுத்ததைக் கண்டித்து ஒரு சீட்டு.

"டூர் முடிஞ்சுது," என்றாள் அனீஸா.

"வெளிய போற வழி எதும்மா?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தாள்.

"அது கேள்வியில இல்ல மிஸ்."

கட்டடம் முழுக்க நடக்கும் வழியைத் தேடி, நிரூபித்து, வாக்கெடுத்து, அச்சடித்தவர்கள், வந்தவர்கள் வீடு திரும்ப வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிட்டார்கள். வந்த வழியே போகலாம் என்றால், குறுகலான காரிடாரில் பின்னால் நான்கு குழு எதிரே வருகிறது. அவர்களும் வந்து சேர்ந்தார்கள். ஆளைக் காணோமே என்று தேடிக்கொண்டு தலைமையாசிரியரும் வந்தார். நாற்பத்தொரு பேர். இனி எதிரே வர யாரும் இல்லை. திரும்பி நடக்கத் தடையாக இருந்தது நிரூபணம் மட்டும்தான்.

அதை மீற யாருக்கும் மனம் வரவில்லை. நாற்பது ஆங்கிலேயர்களை ஓர் அறையில் அடைத்தால் ஐந்து நிமிடத்தில் அங்கே ஒரு வரிசை உண்டாகிவிடும். எதற்கென்று தெரியாமல் நானும் நின்றேன். டீக்கு.

(ஹிலரி, நீ இதை நம்பமாட்டாய் என்று தெரியும். என்னாலும் முடியவில்லை. அதனால்தான் பள்ளியின் பெயரைச் சொல்லவில்லை.)

5

டில்லி மட்டும் வரிசையில் நிற்கவில்லை. அனீஸாவிடம் போனாள்.

"மூடி வச்ச காரிடார தெறந்துட்டா?"

"தெறந்தா வழியே இல்லாம போயிடும். அதுக்குத்தானே மூடினோம்."

"சரி, அதத் தெறந்துட்டு வேற ஒண்ண மூடுனா? மாடிக்குப் போறத."

"தப்பு. போட்டுப் பாரு."

டில்லி தரையில் உட்கார்ந்து, பள்ளியின் விளம்பரத் தாளைத் திருப்பிப் படம் போட்டாள். தப்பு. அனீஸாவும் எதிரே உட்கார்ந்தாள். இன்னொரு படம். அதுவும் தப்பு. "எத மூடுனாலும் கெளம்புன எடத்துக்கு வராது," என்றாள் அனீஸா. "அதையும் நீ நிரூபிச்சியா?" என்றாள் டில்லி. "இல்ல. நீ பண்ணு பாப்போம்."

டெரிக் டீக் கோப்பையோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இவள யாரும் தப்புன்னு சொல்லி நான் கேட்டதில்ல மேடம்."

"நீங்ககூடச் சொன்னதில்லையா?"

"ரூம சுத்தம் பண்ணலன்னு சொல்லிருக்கேன். கணக்குல நான் எங்க போயி சொல்ல?"

சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். தரைத் தளம். வெளியே கார் நிறுத்துமிடம்.

"சார், இதுல எறங்கி வெளிய சுத்திப் போனா வாசல் வந்துருமே? நான் எந்த ரூட்டுல ஓட்டுனாலும் கடைசில டிப்போவுக்குத் திரும்பணும்ல."

பென்ஹாலிகன் யோசித்தார். "வெளிய இருக்கறது காரிடார் கெடையாது. ஆக, தடையில்ல."

வரிசையில் நின்றவர்கள் வரிசை கலையாமல், ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டபடி, ஜன்னல் வழியாக மழையில் இறங்கினார்கள்.

(முந்தைய வரைவில் ஜன்னலைக் கண்டுபிடித்தது டில்லி. எல்லோரும் கைதட்டினார்கள், அவள் முகம் மலர்ந்தது, விண்ணப்பம் பறந்தது. படிக்க இனிப்பாக இருந்தது. பொய், அழித்துவிட்டேன். ஜன்னல் வழியாக ஆட்கள் இறங்குவதை டில்லி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.)

கடைசியாக நான் இறங்கும்போது அறையில் அந்த இருவர் மட்டும். அனீஸா ஏதோ சொன்னாள். டில்லி பென்சிலைக் கீழே போட்டாள். தலை கவிழ்ந்திருந்தது. தோள்கள் குலுங்கின.

அழுதாளா, சிரித்தாளா என்று எனக்குத் தெரியாது. இந்தக் கதையில் எனக்குத் தெரிந்தே ஆகவேண்டியது அது ஒன்றுதான்.

6

இருபது நிமிடம் கழித்து அவளும் ஜன்னல் வழியாக வந்தாள். முகம் சிவந்து நனைந்திருந்தது. ஆனால் எல்லோருடைய முகமும் நனைந்துதான் இருந்தது. நேராக என்னிடம் வந்தாள்.

"மிஸ், நீங்க எத்தனையோ ஸ்கூல் பாத்திருப்பீங்க. நான் இங்க வரலாமா?"

"நல்ல ஸ்கூல்தாம்மா. ஆனா அது ஒவ்வொரு பிள்ளையையும் பொறுத்தது."

அவள் கழுத்துத் துண்டை இழுத்து முகத்தைத் துடைத்தாள். பிறகு, "இது எல்லா ஸ்கூலுக்கும் பொருந்துமே மிஸ்," என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். டெரிக் தன் மின்னஞ்சல் முகவரியை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதி என் கையில் கொடுத்தார். "புதன்கெழமைக்குள்ள ஏதாவது தோணுச்சுன்னா எழுதுங்க மேடம். எங்களுக்குக் கேக்க வேற யாரும் இல்ல."

பதினோரு வருடத்தில் என் எழுத்து தேவை என்று யாரும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

7

இன்று செவ்வாய். ஹிலரி இரண்டு முறை கேட்டுவிட்டாள். முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

அவள் சேர்கிறாள், கடைசி இடம், இரண்டு வருடமும் அனீஸா போன்றவர்கள் தப்பு தப்பு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், அவள்

அவள் சேரவில்லை. ராணியாகவே இருக்கிறாள். வாத்தியார் இரண்டாவது முறையும் சந்தேகம் கேட்கிறார், அவள்

இரண்டுமே நகரவில்லை. காரணம் எனக்குத் தெரியும், உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. பதினாறு வயதில் எனக்கும் இப்படி ஒரு வாசல் திறந்தது. நான் முதலாவதாக இருந்த இடத்திலேயே இருந்துவிட்டேன். அதன் பிறகு என்னைத் தப்பு என்று யாரும் சொல்லவில்லை. ஒரே மதிப்புரையை முப்பத்திரண்டு முறை எழுதியும் சொல்லவில்லை. அதனால் டில்லியிடம் "போ" என்று கத்த வேண்டும்போல் இருக்கிறது, அப்படிக் கத்துவது அவளுக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை. ஒரு குழந்தையின் வாழ்க்கையில் என் பழைய பாக்கியைத் தீர்த்துக்கொள்ளக் கூடாது.

ஆகவே நீங்கள். அந்த அறையை நான் பார்த்த அளவுக்கு நீங்களும் பார்த்துவிட்டீர்கள். உங்களுக்கு என் பதினாறு வயது இல்லை. நாளை பகல் பன்னிரண்டு வரை நேரம் இருக்கிறது. கடிதத்தை நான் தொடங்கிவிட்டேன், முடிப்பது நீங்கள்:

அன்புள்ள டில்லி, அன்று அந்தத் தரையில் நீ சிரித்திருந்தால், யோசிக்காதே, அனுப்பு. அழுதிருந்தால்